வேர்வையும் மலேரியாக் கொசுவும்: எல்லையில் காய்ச்சல் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளின் மேலேயும் கீழேயும் தோட்டத் தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் முகாம் நடத்துகிற தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலச் சுகாதாரப் பணியாளர்களுக்கும், அவர்களுக்கு நோட்டீஸ் வாசகம் எழுதித் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் அறிவியல் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய் எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். விடியுமுன் ஜீப்பில் ஏறுவாள், பொழுது சாய இறங்குவாள். வந்ததும் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைப்பாள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது குளியலைப் பற்றித்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு முகாம் நடந்தது. எந்தப் பக்கத்து முகாம், யார் நடத்தியது என்பதை எழுதப்போவதில்லை. என் சித்தி மகள், எனக்குத் தங்கச்சி முறை, அந்த வரிசையில் நின்றாள். அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுத்துக்கொண்டிருந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், என்னவென்று பார்த்துவிடலாம் என்று நான்தான் போகச் சொன்னேன். மைக்கைப் பிடித்திருந்த இளைஞர், "வேலை முடிஞ்சு வந்ததும் சோப்பு போட்டுக் குளிங்க. வேர்வை நாத்தத்துக்குத்தான் மலேரியாக் கொசு வருது. சுத்தமா இருக்கிறவங்கள அது கடிக்காது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். வரிசையில் முன்னால் நின்ற என் தங்கச்சியைப் பார்த்து, "ஏம்மா, நீ கடைசியா எப்ப குளிச்ச?" என்று மைக்கிலேயே கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். அவளோடு இன்னும் ஐந்தாறு பெண்கள் கிளம்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்காமலே.

அந்தத் தம்பிக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். நான் பாடம் நடத்திய பையனாகவே இருந்துவிடக் கூடாதே என்ற பயமும் எனக்கு உண்டு. அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. அதில் பாதி சரி என்பதுதான் சிக்கல்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான், அதற்கு முட்டை வைக்க ரத்தம் வேண்டும். இருட்டில் நம்மைத் தேடி வர அதற்கு முதல் தடயம் நாம் விடுகிற மூச்சு. மூச்சில் போகும் கரியமில வாயு காற்றில் வந்ததும் கொசு உஷாராகிவிடும். பக்கத்தில் வர வர உடம்பின் வாசனை, சூடு, ஈரம் எல்லாம் சேர்ந்து வழி காட்டும். வேர்வையில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, அம்மோனியா இருக்கிறது, இன்னும் பல கார்பாக்சிலிக் அமிலங்கள் தோலிலிருந்து கிளம்புகின்றன. இவற்றைப் பிடிக்கவென்றே கொசுவின் உணர்கொம்பில் தனித்தனி ஏற்பிகள் உண்டு. ஆப்பிரிக்காவின் முக்கிய மலேரியாக் கொசு அனாபிலிஸ் காம்பியே. அதன் பெண் கொசுவிடம் மட்டும் இருக்கிற ஓர் ஏற்பி, மனித வேர்வையில் உள்ள 4-மீத்தைல்பீனால் என்ற பொருளை மோப்பம் பிடிக்கிறது என்று 2004இல் காட்டினார்கள். வயிறு நிறைய ரத்தம் குடித்த பிறகு அந்த ஏற்பியின் உற்பத்தி குறைந்துவிடும். சாப்பிட்டு முடித்தவளுக்குப் பலகாரக் கடை வாசனை எதற்கு?

ஆனால் சுரந்தவுடன் வேர்வைக்குப் பெரிதாக வாசனை கிடையாது. பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் லாக்டிக் அமிலம், யூரியா. தோலில் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போதுதான் நாம் 'நாற்றம்' என்று சொல்வது வருகிறது. 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் புது வேர்வையையும், ஓரிரு நாள் கதகதப்பில் வைத்திருந்த வேர்வையையும் அனாபிலிஸ் காம்பியே கொசுக்களுக்குக் காட்டினார்கள். புது வேர்வையை அவை சட்டை செய்யவில்லை. வைத்திருந்து பழசானதைத் தேடி வந்தன. மாவு புளிக்கிற மாதிரிதான் என்று வகுப்பில் சொல்வேன். அரைத்தவுடன் மாவுக்கு ஏது புளிப்பு வாசனை?

அதே நாட்டில் பார்ட் நோல்ஸ் என்ற பூச்சியியலாளர் செய்த வேலை இன்னும் வேடிக்கை. இந்தக் கொசு உட்கார்ந்திருக்கிற ஆளின் காலையும் பாதத்தையும் தேடிப் போய்க் கடிப்பதை அவரும் உடன் வேலை பார்த்தவரும் கவனித்தார்கள். லிம்பர்கர் என்று ஒரு பாலாடைக்கட்டி உண்டு, நாலு நாள் கழற்றாத காலுறையின் நாற்றம் அடிக்கும். அதைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் நம் கால் விரல் இடுக்கில் வாழ்கிற பாக்டீரியாவும் ஒரே குடும்பம். அதை வைத்துப் பார்த்தால் கொசு அந்தக் கட்டிக்கும் வந்தது. இந்த ஆராய்ச்சிக்கு 2006இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது.

"அப்போ அந்தத் தம்பி சொன்னது சரிதானே டீச்சர், காலைக் கழுவிவிட்டால் போச்சு" என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். கழுவியும் பார்த்தார்கள். பாதத்தைக் கிருமிநாசினி சோப்பால் கழுவியதும் கொசு கடிக்கிற இடம்தான் மாறியது. காலை விட்டுவிட்டு உடம்பின் வேறு பாகங்களைத் தேடிப் போனது. குளித்தால் கடிக்காது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. குளித்துவிட்டு வந்தவரும் மூச்சு விடத்தானே வேண்டும்?

சோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023இல் அமெரிக்காவில் சிலரை வெவ்வேறு வாசனைச் சோப்பால் கழுவச் சொல்லிக் கொசுவை விட்டுப் பார்த்தார்கள். சில சோப்பு சிலரைக் கொசுவுக்கு இன்னும் பிடித்தவராக ஆக்கியது, சில சோப்பு குறைத்தது. ஒரே சோப்பு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்தது. அது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவை வைத்துச் செய்த சோதனை, அனாபிலிசுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 'சோப்பு போட்டால் கொசு வராது' என்று மைக்கில் அடித்துச் சொல்கிற தைரியத்தை அது குறைத்திருக்க வேண்டும்.

தவறான பாதி இதைவிட ஆழத்தில் இருக்கிறது. ஒருவரைக் கொசு மொய்ப்பதற்கும் அவருடைய அழுக்குக்கும் நேர்க்கோடு போட்டுவிட்டார் அந்தத் தம்பி. 2011இல் 48 ஆண்களின் தோலில் உள்ள பாக்டீரியாக்களை எண்ணியும் வகை பிரித்தும் பார்த்தார்கள். அனாபிலிஸ் காம்பியேவுக்கு அதிகம் பிடித்தவர்களின் தோலில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடுதல், ஆனால் வகைகள் குறைவு. பல வகைப் பாக்டீரியாக்கள் கலந்து வாழ்ந்த தோல்காரர்களை அது அவ்வளவாகச் சீண்டவில்லை. யார் தோலில் எந்தக் குடும்பம் குடியேறியிருக்கிறது என்பது பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். 2015இல் இரட்டைப் பிறவிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற இரட்டையர் இருவரையும் கொசு ஏறத்தாழ ஒரே மாதிரி விரும்பியது. சாதாரண இரட்டையர்களிடம் அந்த ஒற்றுமை அவ்வளவு இல்லை. கொசுவை ஈர்க்கிற தன்மை நம் உயரத்தைப் போலக் கணிசமாகப் பரம்பரையில் வருகிறது என்று அதிலிருந்து கணித்தார்கள்.

2022இல் வந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. நியூயார்க்கில் 64 பேரிடம் நைலான் உறையைக் கையில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, அதில் ஊறிய வாசனையை ஏடிஸ் கொசுக்களுக்கு முன்னால் வைத்தார்கள். யாரைக் கொசு அதிகம் விரும்பியதோ அவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம். ஒரு சிலரை மூன்று வருடம் வரை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். நடுவில் சாப்பாடு, சோப்பு, பருவம் எல்லாம் மாறியிருக்கும். கொசுவின் தேர்வு அவ்வளவாக மாறவில்லை. மூன்று வருடக் குளியலால் போகாத ஒன்றை என் தங்கச்சி ஒரு சாயங்காலக் குளியலில் போக்க வேண்டுமா?

கர்ப்பிணிகள் விஷயமும் இதோடு சேர்ந்தது. காம்பியா நாட்டில் செய்து 2000இல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பிணிகளைத் தேடி மற்றப் பெண்களைப் போல இரண்டு மடங்கு அனாபிலிஸ் வந்தது. அவர்களுக்கு உடம்புச் சூடு கொஞ்சம் கூடுதல், மூச்சும் கூடுதல். ஆறு மாத வயிற்றோடு காய் எடுக்கப் போகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் சுத்தமாக இரு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா, கொசுவலையைக் கையில் கொடுக்க வேண்டாமா?

இன்னொரு பழைய கதை. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த பெரியாறு அணை வேலையில் காலராவும் காட்டுக் காய்ச்சலும் கொண்டுபோன ஆட்கள் ஏராளம். சாராயம் குடித்தால் காய்ச்சல் அண்டாது என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்கள் என்று என் தாத்தா சொல்வார். அவரும் அந்த நம்பிக்கையைக் கடைசி வரை விடவில்லை, காய்ச்சல் இல்லாத நாட்களிலும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் உள்ளூர்ப் பீர் குடித்தவர்களையும் தண்ணீர் குடித்தவர்களையும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். பீர் குடித்தவர்களிடம்தான் மலேரியாக் கொசு அதிகம் வந்தது. முகாமில் யாரையாவது அதட்டியே தீர வேண்டும் என்றால் சாயங்காலம் கடைப் பக்கம் போகிற ஆண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டியதை நான் பார்த்ததில்லை.

இப்போது ஏலக்காய்க்கு வருகிறேன். ஜாம்பியாவின் தெற்கே மாச்சா என்ற ஊரில், இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் வலைக்கூண்டு ஒன்று கட்டினார்கள். சுற்றிலும் ஒற்றை ஆள் கூடாரங்களில் ஆறு பேர் படுத்துத் தூங்க, அவர்களின் உடல் வாசனை கலந்த காற்றைக் குழாய் வழியாகக் கூண்டுக்குள் விட்டார்கள். குழாய் முனையில் தோல் அளவுக்குச் சூடாக்கிய தட்டு. ஓர் இரவுக்கு இருநூறு அனாபிலிஸ் கொசுக்களை விட்டு, எந்தத் தட்டில் எத்தனை இறங்குகிறது என்று அகச்சிவப்பு கேமராவில் எண்ணினார்கள். முடிவு 2023இல் வந்தது. கொசு அதிகம் விரும்பிய ஆட்களின் வாசனையில் பியூட்ரிக் அமிலம் போன்ற கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம். கொசு கடைசியாக ஒதுக்கிய ஒருவரிடம் அவை குறைவு, அதோடு யூகலிப்டால் என்ற பொருள் மற்றவர்களைவிட அதிகம்.

யூகலிப்டால் என்றால் தைல மரத்து எண்ணெயின் முக்கியச் சரக்கு. ஏலக்காய் எண்ணெயிலும் அது முக்கியமான சரக்கு. பச்சைக் காயை நசுக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ந்த வாசனையில் பெரும்பங்கு அதனுடையது. நாள் முழுக்க அதில் கை வைத்திருக்கிற பெண்களைப் பார்த்துத்தான் நாற்றம் என்றார் அந்தத் தம்பி. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கூடவே ஒரு பயமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கே யாராவது 'ஏலக்காய் தின்றால் மலேரியா வராது' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். ஆறு பேரில் ஒரே ஒருவரிடம் கண்ட விஷயம் அது. அவரிடம் கொசு குறைவாக வந்ததற்கு யூகலிப்டால்தான் காரணம் என்று அதில் நிரூபிக்கவில்லை. ஏலத்தோட்டக்காரிகளுக்கு மலேரியா வரத்தான் செய்கிறது, என் தங்கச்சிக்கு வந்த மாதிரி. ஆகவே தயவுசெய்து அடுத்த நோட்டீசில் ஏலக்காயைச் சேர்த்துவிடாதீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் மேலே சொன்ன ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கொசுவையோ டெங்குக் கொசுவையோ வைத்துச் செய்தது. நம் பக்கத்து மலேரியாக் கொசுக்கள் வேறு. கிராமப்புறத்து அனாபிலிஸ் கூலிசிபாசிஸ் மனிதரைவிட மாட்டை அதிகம் விரும்பும். மலையடிவார ஓடைகளில் முட்டையிடுவது அனாபிலிஸ் புளூவியாட்டிலிஸ். ஊருக்குள் மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் சிமெண்டுத் தொட்டியிலும் வளர்வது அனாபிலிஸ் ஸ்டெபன்சி. சாக்கடைக் கொசு வேறு, இவை தெளிந்த தண்ணீரைத் தேடுகிற கொசுக்கள். அழுக்கு இருக்கிற இடத்தில்தான் மலேரியா என்று சொன்னால் ஜனங்கள் சாக்கடையைப் பார்ப்பார்கள், மூடாத நல்ல தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கமாட்டார்கள். தோட்டங்களில் மண்ணைத் தோண்டிப் பிளாஸ்டிக் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கி வைக்கிறார்களே, அந்தப் படுதாக்குளங்களை எட்டிப் பாருங்கள். உள்ளே புழு தண்ணீர் மட்டத்துக்குச் சமமாகப் படுத்துக் கிடந்தால் அது அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் மற்றது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். தோட்ட நிழலில் பட்டப்பகலில் கடிக்கிற கறுப்பு வெள்ளை வரிக்கொசு ஏடிஸ் இனம், அது டெங்குக்காரன். மலேரியாக் கொசு பொழுது சாய்ந்தபின் கிளம்பி விடியும் வரை சுற்றும். பகல் வேர்வையோடு இருக்கும்போது இந்தப் பெண்களை அது பார்ப்பதே இல்லை. அது வருகிற நேரத்தில் இவர்கள் குளித்து, சமைத்து, படுத்திருப்பார்கள். காய் எடுப்பு மும்முரத்தில் சிலர் வீட்டுக்கு இறங்காமல் மேலேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாரக்கணக்கில் தங்குவார்கள். ஓர் அறையில் ஐந்தாறு பேர், ஜன்னலுக்கு வலை கிடையாது. என் தங்கச்சி அப்படித் தங்கிவிட்டு வந்தவள்.

அவள் கதையை முடித்துவிடுகிறேன். முகாமிலிருந்து திரும்பி வந்தவள் நாலு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்தேன். வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள் கொடுத்தார்கள். பதினான்கு நாள் எதற்கு என்று அவள் கேட்டபோது யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ரத்தத்தில் உள்ள மலேரியா ஒட்டுண்ணி செத்தாலும் ஈரலில் கொஞ்சம் ஒளிந்து தூங்கும், மாதக்கணக்கு கழித்து எழுந்து வரும், அதையும் கொல்லத்தான் இந்த மாத்திரை என்று. "அப்போ முழுசா முழுங்குறேன் அக்கா" என்றாள். முழுசாக முழுங்கினாள். ஐந்தாம் நாளே உடம்பு தேறி ஜீப் ஏறிவிட்டவர்கள் எத்தனை பேர் பாதியில் நிறுத்தியிருப்பார்கள்? மேலே தோட்டத்தில் ரத்தம் எடுத்து, முடிவு வரும்போது ஆள் கீழே ஊரில் இருந்தால், மாத்திரையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பதிவேடு, அந்தப் பக்கம் ஒரு பதிவேடு. கொசு எந்தச் செக்போஸ்டிலும் நிற்பதில்லை.

அவள் படுத்திருந்த அந்த நாலு நாளைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. மேற்குக் கென்யாவில் நடந்து 2005இல் வெளிவந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், உங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. பள்ளி வயதுப் பிள்ளைகளை மும்மூன்று பேராகக் கூடாரங்களில் படுக்க வைத்தார்கள். ஒருவருக்கு மலேரியாவே இல்லை. ஒருவரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது, ஆனால் கொசுவுக்குத் தொற்றுகிற பருவத்தில் இல்லை. மூன்றாவது பிள்ளையின் ரத்தத்தில் கொசுவுக்குத் தாவக்கூடிய பருவம் இருக்கிறது, கேமடோசைட் என்பார்கள். நடுவில் கொசுக்களை வைத்து மூன்று பக்கத்து வாசனையையும் காட்டினார்கள். மூன்றாவது பிள்ளையிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொசு போனது. மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை நீக்கிவிட்டு, அதே பிள்ளைகளை மறுபடி படுக்க வைத்தார்கள். வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

ஆக ஒட்டுண்ணி தனக்கு வண்டி வரவேண்டிய நேரம் பார்த்து நம் உடம்பின் வாசனையை மாற்றிவிடுகிறது. எப்படி மாற்றுகிறது என்றும் 2018இல் கென்யப் பிள்ளைகளிடமே பார்த்தார்கள். தொற்று உள்ளவர்களின் தோல் வாசனையில் ஹெப்டனல், ஆக்டனல், நோனனல் என்ற ஆல்டிஹைடுகள் கூடியிருந்தன. நம் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட ஆளுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நன்றாக எழுந்து நடமாடிக்கொண்டே பக்கத்துப் பாயில் படுப்பவருக்குக் கொசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது அந்தச் சாயங்காலத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வேர்வை வாசனையைக் குறைத்துக் கொசுவை விரட்ட வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினால், நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்கிறவரின் விரலில் குத்தி, சிலைடில் தடவி, இருந்தால் அன்றைக்கே மாத்திரையைத் தொடங்குவது. மாற்ற முடிந்த வாசனை அது ஒன்றுதான். அதை மாற்றுகிற மருந்து உங்கள் பெட்டியில் இருக்கிறது, எங்கள் சோப்பு டப்பாவில் இல்லை. சோப்பைப் பற்றிப் பேசியதில் அன்றைக்கு ஆறேழு பேர் உங்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி மலேரியாக்காரி என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்காகத் தன் உடம்பைக் கொசுவுக்குக் கொடுத்தவர் உசேன் கான் என்ற நோயாளி, ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அணாக் காசை உசேன் கான் என்ன செய்தாரோ என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். ஏழையின் உடம்பிலிருந்து கற்றுக்கொண்ட விஷயத்தை வைத்து ஏழையையே ஏசுவது எனக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த ஏச்சு இப்போது இடம் மாறியும் வருகிறது. ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு காலத்தில் மலையில் எங்கள் அம்மாக்களைப் பற்றி 'பாண்டிக்காரிகள்' என்று மூக்கைச் சுளித்துப் பேசியதை இப்போது அவர்களைப் பற்றி நம் ஆட்களே பேசுகிறார்கள். மலேரியா அதிகம் உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம் ரத்தம் பார்ப்பது சரியான வேலைதான், கட்டாயம் பாருங்கள். 'அவன் குளிக்க மாட்டான், அதனால் கொண்டுவந்துவிட்டான்' என்று பேசினால் அவனும் முந்தானை இல்லாமலே முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவான்.

மொழியைப் பற்றி ஒரு சின்ன விஷயம், மறந்துபோகுமுன் சொல்லிவிடுகிறேன். மலைக்கு மேலே 'பனி' என்றால் காய்ச்சல். நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் இலையில் நிற்பது. "பனி உண்டோ" என்று மலையாளத்தில் கேட்ட நர்சிடம், "ஆமாம்மா, மார்கழியில் நிறைய" என்று பதில் சொன்ன ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். நோட்டீஸ் இரண்டு மொழியிலும் வேண்டும், இந்தியும் சேர்ந்தால் நல்லது. அதைவிட, கேட்கிற ஆள் அவர்கள் பேச்சில் கேட்க வேண்டும். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுக்குதா' என்று கேட்டால் எங்கள் பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள். முறைக்காய்ச்சல் என்று அதற்குப் பேரே இருக்கிறது.

நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு நான் கேட்பது இதுதான். 'வேர்வை', 'அழுக்கு', 'நாற்றம்' என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 'குளிர் எடுத்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள், பதினான்கு நாள் மாத்திரையை முழுசாக விழுங்குங்கள், வலைக்குள் படுங்கள், தொட்டியை மூடுங்கள்' என்று போடுங்கள். தோட்ட முதலாளிகளிடம் பேசுகிற இடத்தில் லயத்து ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லுங்கள், படுதாக்குளத்தில் புழுவைத் தின்கிற கப்பி மீன் விடச் சொல்லுங்கள். முகாமை மைக் பேச்சோடு தொடங்காமல் ரத்தம் எடுப்பதோடு தொடங்குங்கள். களைத்து வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் நின்று பேச்சுக் கேட்கத் தெம்பு கிடையாது, சோறு பொங்க வேண்டும்.

அடுத்த முகாம் எப்போது என்று முன்கூட்டிச் சொன்னால் நானும் வருகிறேன். காலையில் வைப்பதானால் ஜீப் கிளம்பும் முன் நாலரைக்கே வைக்க வேண்டியிருக்கும், ஐந்தரைக்கு மேல் ஆள் கிடைக்காது. சாயங்காலமானால் ஆறு மணிக்கு மேல். டீயும் நாலு பெஞ்சும் என் பொறுப்பு. என் தங்கச்சியிடம் வருவாயா என்று கேட்டேன். "அந்தப் பையன் மைக் பிடிக்கலன்னா வர்றேன்" என்கிறாள். போன தடவை திரும்பிப் போன மற்றவர்களின் வீடும் அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர் ஒருத்தி,
கம்பம் பள்ளத்தாக்கு